முன்னாள் ஆய்வகத்தாரைக் கொண்டு சேர்வராயன் மலையின் பழைய பிளாட்டுகளை மீட்டெடுப்பது எப்படி

ஒரு பல்கலைக்கழகத்தின் காட்டுச் சூழலியல் ஆய்வகத்தில் நீங்கள் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இருபது, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் அந்த ஆய்வகம் சேர்வராயன் மலையில் அமைத்த மாதிரிப் பரப்புகளில், அதாவது பிளாட்டுகளில், உள்ள மரங்களை மீண்டும் அளக்க வேண்டும் என்பது உங்களுக்கு இடப்பட்ட வேலை. அலமாரியைத் திறந்தால் ஓரம் கரையான் அரித்த இரண்டு களக்குறிப்பேடுகளும், யார் தட்டச்சு செய்தார் என்று தெரியாத ஓர் எக்செல் அட்டவணையின் அச்சுப்படியும், ‘பிளாட் 7, நாகலூர் ரோடு, பெரிய கல்லுக்கு மேலே’ என்று பென்சிலால் எழுதிய ஒரு துண்டுத்தாளும் கிடைக்கின்றன. சேர்வராயன் மலையில் பெரிய கல் இல்லாத இடம் எது என்று கேட்கத் தோன்றும். எந்தக் கல் என்று அறிந்தவர் இப்போது ஆத்தூரில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் நடத்திக்கொண்டிருக்கலாம், வெளிநாட்டில் இருக்கலாம், ஏற்காடு அடிவாரத்தில் மளிகைக் கடை வைத்திருக்கலாம்.

அவரைத் தேடிப் பிடிப்பதும், அவரிடம் பேசுவதும், அவரை மலைக்கு அழைத்துச் செல்வதும், அவர் சொன்னதைத் தரவில் பழுதில்லாமல் சேர்ப்பதும்தான் இந்தக் கட்டுரையின் பொருள். இதில் நான் இரண்டு பக்கமும் நின்றிருக்கிறேன். எனக்கு முன் ஆய்வகத்தில் இருந்தவர்களை நான் தேடிப் போயிருக்கிறேன். பல ஆண்டுகள் கழித்து, என்னைத் தேடிச் சில மாணவர்கள் வந்திருக்கிறார்கள்.

ஒரு முறை மட்டும் அளந்த பிளாட் ஒரு நாளின் கணக்கைத்தான் தரும். எந்த மரம் பருத்தது, எது செத்தது, எது புதிதாக முளைத்து வந்தது என்பவை இரண்டாவது முறை அளக்கும்போதுதான் தெரியவரும். முதுமலையில் 1988 வாக்கில் இந்திய அறிவியல் கழகத்தார் அமைத்த 50 ஹெக்டேர் பிளாட் இன்றும் பேசப்படுவதற்குக் காரணம், அதை விடாமல் மீண்டும் மீண்டும் அளந்து வந்ததே. பெரிய நிறுவனங்களுக்கு அந்தத் தொடர்ச்சி வாய்க்கிறது. 20 மீட்டருக்கு 20 மீட்டர் என்று சிறு சதுரங்கள் போட்டு வேலை செய்யும் நம் ஊர் ஆய்வகங்களில், ஆய்வுத்திட்டத்துக்கான நிதி முடிந்த நாளோடு பிளாட்டும் காட்டுக்குள் மறைந்துவிடுகிறது.

முதல் வேலை: பட்டியல்

துறையின் சுவரில் ஏற்கெனவே ஒரு பட்டியல் தொங்கும். அதில் முனைவர் பட்டம் பெற்றவர்களின் பெயரும் ஆண்டும் இப்போது வகிக்கும் பதவியும் இருக்கும். பெருமைக்கு அது போதும், உங்கள் வேலைக்குப் போதாது. எம்.ஃபில். மாணவர்கள், எம்.எஸ்சி. இறுதியாண்டுத் திட்டத்துக்காக மூன்று மாதம் வந்து போனவர்கள், ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகையாளர்) ஆகச் சேர்ந்து வேறு வேலை கிடைத்ததும் போய்விட்டவர்கள், ஜீப் ஓட்டியவர், நாள்கூலிக்கு அளவு நாடா பிடித்த மலைவாழ் மக்கள் ஆகியோர் அந்தப் பட்டியலில் இருக்கமாட்டார்கள். பிளாட்டின் மூலையில் கல் நட்டவர்கள் பெரும்பாலும் இவர்கள்தாம்.

ஆய்வேடுகளின் நன்றியுரைப் பக்கங்களிலிருந்து தொடங்குங்கள். முன்னுரையைவிட நன்றியுரையில்தான் உண்மை அதிகம். 2009ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழு விதிமுறைக்குப் பிந்தைய முனைவர் பட்ட ஆய்வேடுகள் பல சோத்கங்கா என்னும் இணைய ஆய்வேட்டுக் களஞ்சியத்தில் கிடைக்கும். எம்.ஃபில். ஆய்வேடுகள் அங்கே பெரும்பாலும் இல்லை. அவற்றுக்குத் துறை நூலகத்தின் அடித்தட்டைத்தான் துழாவ வேண்டும். சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது 1997இல். அதற்கு முன் இந்தப் பகுதிக் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. ஆகவே அதற்கு முந்தைய ஆய்வேடு சேலத்தில் இல்லை என்பதற்காக அப்படி ஒன்று எழுதப்படவே இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

அடுத்து அலுவலகக் கோப்புகள். வனத்துறை அனுமதிக் கடிதங்களில் காட்டுக்குள் செல்வோரின் பெயர்கள் வரிசையாக இருக்கும். நிதி வழங்கிய அமைப்புக்கு அனுப்பிய இறுதி அறிக்கையில் உதவித்தொகை பெற்றவர்களின் பெயர்கள் இருக்கும். வாகனப் பதிவேடு கிடைத்தால் அதைக் கீழே வைக்காதீர்கள். தேதி, புறப்பட்ட இடம், ஓடிய கிலோமீட்டர், ஓட்டுநரின் கையெழுத்து எல்லாம் அதில் உண்டு. சேலத்திலிருந்து புறப்பட்ட வண்டி அன்று எத்தனை கிலோமீட்டர் ஓடித் திரும்பியது என்பதை வைத்தே அது ஏற்காட்டோடு நின்றதா, நாகலூர் தாண்டியும் போனதா என்று ஓரளவு கணிக்கலாம்.

களக்குறிப்பேட்டில் கையெழுத்தை உற்றுப் பாருங்கள். எனக்குக் கிடைத்த குறிப்பேடு ஒன்றில் மூன்று கையெழுத்துகள் இருந்தன. ஒருவர் ஏழின் நடுவில் கோடு போடுவார். ஒருவர் எழுதிய நான்கு, மேலே மூடிக்கொண்டு ஒன்பது போலவே இருக்கும். மூன்றாமவர் மழையில் நனையும் என்று பென்சிலில் மட்டும் எழுதியிருந்தார். ஒன்பது போன்ற அந்த நான்கு யாருடையது என்று தெரிந்த பிறகுதான், ஓராண்டில் 5 செ.மீ. சுற்றளவு குறைந்துவிட்டதாகக் கணக்குக் காட்டிய மரங்களின் புதிர் விடுபட்டது. 44 என்று எழுதியிருந்ததைத் தட்டச்சு செய்தவர் 49 என்று படித்திருக்கிறார்.

இப்படிச் சேர்த்த பெயர்களுக்கு நீங்கள் வைக்கும் பதிவேட்டில் பட்டமும் பதவியும் இரண்டாம் பட்சம். எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை களத்துக்குப் போனார், எந்தெந்த பிளாட்டில் வேலை செய்தார், நாடா பிடித்தாரா, எழுதினாரா, மரத்தின் பெயர் சொன்னாரா, அவர் கையில் இன்னும் என்ன இருக்கிறது என்பவற்றைப் பதியுங்கள். கூடவே அவர் எந்த ஊர்க்காரர் என்பதையும் எழுதுங்கள். இது வேடிக்கையாகத் தோன்றும். ஆனால் சேலத்துக்காரர் ‘அரப்பு’ என்று எழுதிய மரத்தை மதுரைப் பக்கத்திலிருந்து வந்தவர் ‘உசிலை’ என்று எழுதுவார். இரண்டும் அல்பிசியா அமாராதான். ஒரே பிளாட்டின் இரண்டு ஆண்டுக் குறிப்புகளில் அரப்பு மறைந்து உசிலை தோன்றியிருந்தால், அங்கே மாறியது காடா, எழுதியவரா என்பதை ஊர்ப்பெயர் சொல்லிவிடும்.

தொலைபேசியில் பேசுதல்

அழைப்பதற்கு முதல் நாளே, அவர் கையெழுத்து உள்ள ஒரு பக்கத்தைப் படம் எடுத்து வாட்ஸாப்பில் அனுப்பிவிடுங்கள். பல ஆண்டுகளாகப் பேசாதவருக்கு நீண்ட அறிமுகக் கடிதம் எழுதுவதைவிட இது நன்றாக வேலை செய்யும். தன் கையெழுத்தைப் பார்த்ததும் பலர் தாமாகவே திரும்ப அழைப்பார்கள். உங்களுக்கு முந்தைய தலைமுறை ஆய்வாளர் என்றால் ‘அண்ணா’, ‘அக்கா’ என்று அழைப்பதே நம் ஆய்வகங்களின் வழக்கம். அவர் இப்போது பேராசிரியராகவோ அதிகாரியாகவோ இருந்தால் ‘சார்’, ‘மேடம்’ என்று தொடங்கி, அவர் மாற்றச் சொன்னால் மாற்றிக்கொள்ளுங்கள்.

‘பிளாட் 7 எங்கே இருக்கிறது, நினைவிருக்கிறதா?’ என்று கேட்டால் ‘இல்லை’ என்ற பதில்தான் வரும். இடம் வழியோடு சேர்ந்தே நினைவில் இருக்கிறது. எனவே வழியைக் கேளுங்கள். புதிய பேருந்து நிலையத்தில் எத்தனை மணிக்குப் பேருந்து ஏறினீர்கள், எங்கே இறங்கினீர்கள், தேநீர் எங்கே குடித்தீர்கள், இறங்கிய இடத்திலிருந்து ஏற்றமா இறக்கமா, ஓடை வலக்கைப் பக்கமா இடக்கைப் பக்கமா என்று ஒவ்வொன்றாகப் போக வேண்டும். சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் எண் எழுதியிருப்பதால் அவை நல்ல பிடிமானம் தரும். ஓர் அக்கா என்னிடம் பிளாட்டைப் பற்றி ஒன்றும் நினைவில்லை என்று சொல்லிவிட்டு, அடுத்த மூச்சில், பதினான்காவது வளைவு தாண்டியதும் தனக்கு எப்போதும் வாந்தி வரும் என்றும், அதற்காக வண்டியை நிறுத்தும் மதகுக்கு எதிரேதான் ஒற்றையடிப் பாதை தொடங்கும் என்றும் சொன்னார்.

இங்கே ஒரு சிக்கலையும் சொல்லிவிட வேண்டும். சேலத்தில் ‘பிளாட்’ என்றால் வீட்டுமனை. பழைய ஜீப் ஓட்டுநர் ஒருவரை அழைத்து ‘அண்ணே, ஏற்காட்டு பிளாட் விஷயமா பேசணும்’ என்று நான் தொடங்க, ‘நான் அந்த புரோக்கர் வேலைய விட்டு நாலு வருஷமாச்சுப்பா’ என்று அவர் வைத்துவிட்டார். ‘மரத்துக்கு நம்பர் அடிச்ச இடம்’ என்று சொன்ன பிறகுதான் அவருக்குப் புரிந்தது. ஓட்டுநர்களை விட்டுவிடாதீர்கள் என்பது என் அழுத்தமான பரிந்துரை. ஆய்வாளர்களுக்கு மரம் நினைவிருக்கும், வண்டியை எங்கே திருப்ப முடிந்தது என்பது ஓட்டுநருக்கு நினைவிருக்கும். பாதிப் பிளாட்டுகள் வண்டி திருப்பிய இடத்திலிருந்து அரை மணி நேர நடைக்குள்தான் கிடைத்தன.

எல்லாரையும் சேர்த்து ஒரு வாட்ஸாப் குழு தொடங்கும் ஆசை உடனே வரும். அதைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். குழுவில் ஒருவர் ‘அது கரடியூர் பக்கம்’ என்று எழுதிவிட்டால், மற்றவர்கள் எல்லாருக்கும் கரடியூரே நினைவுக்கு வரும். ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசி, சொன்னதை அவர் இசைவோடு பதிவு செய்து, எழுத்தில் வடித்த பிறகு குழு தொடங்கலாம். இரண்டு பேர் தனித்தனியாகச் சொன்னவை ஒத்துப்போனால்தான் அதற்கு மதிப்பு. அதே காரணத்துக்காக, பதிலை நீங்களே கேள்வியில் வைக்காதீர்கள். ‘ஓடைக்குப் பக்கத்தில்தானே?’ என்று கேட்டால், மரியாதைக்காகவேனும் ‘ஆமாம்’ என்று சொல்லிவிடுவார்கள்.

வீட்டுப் பரணில் இருப்பவற்றைப் பற்றித் தனியாகக் கேளுங்கள். தகரப் பெட்டியில் குறிப்பேடு, குறுந்தகடு, 1.44 எம்.பி. ஃப்ளாப்பி என்று ஏதாவது ஒன்று இருக்கும். பழைய தமிழ்க் கோப்புகள் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் இருக்கும். திறந்தால் புரியாத குறிகளாகத் தெரியும் என்பதற்காகத் தூக்கி எறிந்துவிடாமல், எந்த எழுத்துருவில் தட்டச்சு செய்தார்கள் என்று கேட்டுக்கொண்டால் மாற்றி எடுத்துவிடலாம்.

ஜி.பி.எஸ். எண்களைக் கண்டால் மகிழ்ச்சியடைவதற்கு முன் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். முதலாவது, எந்த ஆண்டு எடுத்தது என்பது. 2000ஆம் ஆண்டு மே மாதம் வரை, பொதுமக்கள் பயன்பாட்டுக்கான ஜி.பி.எஸ். சமிக்ஞையில் அமெரிக்கா வேண்டுமென்றே பிழை சேர்த்து வந்தது. அதற்கு முன் எடுத்த புள்ளி 100 மீட்டர் வரை தள்ளியிருக்கலாம். இரண்டாவது, எண்ணை எப்படி எழுதினார்கள் என்பது. 11 பாகை 46 நிமிடம் 30 விநாடி என்பதை ஒருவர் 11.4630 என்று சுருக்கி எழுதியிருந்தார். அதைத் தசமப் பாகை என்று எடுத்துக்கொண்டு வரைபடத்தில் இட்டபோது, ஏற்காட்டு பிளாட் 34 கிலோமீட்டர் தெற்கே நகர்ந்து ராசிபுரம் பக்கம் போய் உட்கார்ந்தது. சரியான எண் 11.775. எழுதியவரைக் கேட்காமல் இதைத் திருத்தியிருந்தால் அது வெறும் ஊகமாகவே இருந்திருக்கும்.

மனக்கசப்போடு ஆய்வகத்தை விட்டுப் போனவர்களும் உண்டு. உதவித்தொகை மாதக்கணக்கில் வராமல் போனது, தான் எடுத்த தரவு வேறொருவர் பெயரில் கட்டுரையானது, ஆய்வேட்டுக்குக் கையெழுத்துக் கிடைக்காதது போன்ற குறைகளை அவர்கள் உங்களிடம் கொட்டலாம். குறுக்கிடாமல் கேளுங்கள், யாருக்காகவும் வாதாடாதீர்கள். மறுத்துவிட்டால் அத்தோடு விட்டுவிடுங்கள். ஒருவர் காலமாகியிருந்தால், துக்கம் விசாரிக்கும் முறைப்படி நேரில் போய் வாருங்கள். ஆய்வேட்டின் படி ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுங்கள். பல வீடுகளில் அது இருக்காது. முதல் சந்திப்பிலேயே பெட்டியைத் திறக்கச் சொல்வது முறையல்ல.

மலைக்கு அழைத்துச் செல்லுதல்

காப்புக்காட்டுக்குள் நுழைய வனத்துறையின் முன் அனுமதி வேண்டும். வெளியாட்களாகக் கருதப்படுவார்கள் என்பதால், உடன் வரும் முன்னாள் உறுப்பினர்களின் பெயர்களையும் விண்ணப்பத்திலேயே சேர்த்துவிடுங்கள். கோயில் காட்டில் உள்ள பிளாட் என்றால் ஊர்ப் பெரியவர்களைக் கேட்பதும் அதே அளவு முக்கியம். செருப்பை எங்கே விட வேண்டும் என்பதைக்கூட அவர்களே சொல்வார்கள்.

காலம் பார்த்துப் போக வேண்டும். பருவமழை மாதங்களில் அட்டை; உண்ணிச்செடி ஆள் உயரத்துக்கு மூடியிருக்கும். மார்கழி, தையில் காப்பிப் பழம் பறிக்கும் வேலை இருப்பதால் உதவிக்கு ஆள் கிடைக்காது. மே மாதம் கோடை விழாக் கூட்டம். மாசி மாதம் எனக்குப் பிடித்தது. கீழ்ச்சரிவுகளில் இலையுதிர்க் காட்டு மரங்கள் இலை உதிர்த்து நிற்பதால் கல்லும் பாறையும் கண்ணுக்குத் தெரியும். ஆனால் அதற்குப் பின் காட்டுத்தீக் காலம் தொடங்கிவிடும். அப்போது அனுமதி கிடைப்பது கடினம்.

காட்டுக்குள் போனதும் கருவியைப் பைக்குள் வைத்துவிட்டு அவரை முன்னால் நடக்க விடுங்கள். ஐம்பது வயதைக் கடந்தவராக இருக்கலாம், மூட்டுவலி இருக்கலாம். அவர் நடக்கும் வேகத்தில்தான் பின்தொடர வேண்டும். இருபது ஆண்டில் இடம் மாறியிருக்கும். காடாக இருந்த இடத்தில் சில்வர் ஓக் வரிசையும் அதன்மேல் ஏறிய மிளகுக்கொடியும் இருக்கலாம், விடுதி ஒன்றின் சுற்றுச்சுவர் இருக்கலாம். அவர் குழம்பி நிற்பார். அப்போது மரங்களை விட்டுவிட்டு மாறாதவற்றைக் கேளுங்கள்: பாறை, ஓடை திரும்பும் இடம், பழைய எஸ்டேட் கல்கட்டு, நடுகல். மூலையில் நட்ட இரும்புக் கம்பி பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும். சிமெண்டில் புதைத்த கல் இருக்கும், மண்ணுக்கு ஒரு சாண் கீழே.

மரத்தில் அடித்த அலுமினியத் தகடும் அப்படியே இருக்காது. என் கண் முன்னால் நடந்தது இது. எங்களோடு வந்த மலையாளி இனத்து அண்ணன் ஒருவர் (மலையாளி என்பது இம்மலையின் பழங்குடி, கேரளத்தவர் அல்லர்) ஒரு வெக்காலி மரத்தின் முன் நின்று, அதன் வெளிறிய பட்டையை உள்ளங்கையால் மெல்லத் தடவிக்கொண்டே போனார். ஓரிடத்தில் கை நின்றது. அங்கே பட்டை இரண்டு உதடுகள் போல மூடியிருந்தது. இடுக்கில் நகத்தின் அளவுக்கு ஒரு தகட்டு விளிம்பு. 2, 1 என்ற இரண்டு இலக்கங்கள் மட்டும் தெரிந்தன. மூன்றாவது இலக்கத்தை மரம் விழுங்கிவிட்டது. குறிப்பேட்டில் 210 முதல் 219 வரை வெக்காலி ஒன்றே ஒன்றுதான் இருந்ததால், அது 214 என்று முடிவு செய்தோம். தகட்டைப் பிடுங்கிப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். ஆணி அடித்த காயம் இன்னொரு முறை திறக்க வேண்டியதில்லை.

அளவு எடுத்த முறையைச் செய்து காட்டச் சொல்லுதல்

தொலைபேசியில் கேட்டு அறிய முடியாதது ஒன்று உண்டு என்றால், அது நாடாவை எந்த உயரத்தில் பிடித்தார்கள் என்பது. ‘மார்பளவு உயரம்’ என்றுதான் எல்லா ஆய்வேட்டிலும் எழுதியிருக்கும். சூழலியலாளர்கள் அதை 1.3 மீட்டர் என்று கொள்வது வழக்கம். இந்திய வனத்துறை மரபில் நான்கரை அடி, அதாவது 1.37 மீட்டர். ஏழு செ.மீ. வேறுபாடு சிறியதாகத் தோன்றும். ஆனால் அடி பெருத்து மேலே சிறுத்துப் போகும் மரத்தில், பத்து ஆண்டு வளர்ச்சியின் ஒரு பகுதியை அது விழுங்கிவிடும். பழைய உறுப்பினரை ஒரு மரத்தின் முன் நிறுத்தி, நாடாவைக் கையில் கொடுத்து, ‘அப்போது அளந்தது போலவே ஒரு முறை அளந்து காட்டுங்கள்’ என்று மட்டும் சொல்லுங்கள். எங்களோடு வந்தவர் யோசிக்கவே இல்லை. சட்டையின் இரண்டாவது பொத்தானுக்கு நேராக நாடாவைச் சுற்றினார். தரையிலிருந்து அளந்தால் 1.36 மீட்டர். அவருக்கு அந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவர் ஓய்வுபெற்ற வனவர் ஒருவர் என்பது பிறகு பேச்சில் தெரிந்தது. சரிவில் நின்ற மரத்துக்கு அவர் மேட்டுப் பக்கமாகப் போய் நின்று அளந்தார் என்பதையும் எழுதிக்கொண்டோம்.

சுற்றளவா விட்டமா என்பதையும் அதே இடத்தில் தீர்த்துக்கொள்ளுங்கள். விட்ட நாடாவின் ஒரு பக்கத்தில் சாதாரண சென்டிமீட்டரும், மறுபக்கத்தில் π (பை) என்னும் எண்ணால் வகுத்த அளவும் இருக்கும். புதிதாக வந்த மாணவர் பக்கம் மாற்றிப் படித்துவிடுவது அடிக்கடி நடப்பதே. 94 செ.மீ. சுற்றளவுள்ள மரத்தின் விட்டம் ஏறத்தாழ 30 செ.மீ. அந்த 94ஐ விட்டம் என்று எடுத்துக்கொண்டால், அடிப்பரப்பு (தண்டின் குறுக்குவெட்டுப் பரப்பு) ஏறக்குறைய பத்து மடங்காகப் பெருகிவிடும். குறைந்தபட்ச அளவிலும் இதே குழப்பம் உண்டு: ‘30க்கு மேல் உள்ளவை’ என்பது 30 செ.மீ. சுற்றளவென்றால், ஒன்பதரை செ.மீ. விட்டமுள்ள ஒல்லி மரமும் கணக்கில் வந்திருக்கும்.

சரிவில் 20 மீட்டரை நிலத்தோடு ஒட்டி அளந்தார்களா, நாடாவைக் கிடைமட்டமாகப் பிடித்தார்களா என்றும் கேளுங்கள். 30 பாகைச் சரிவில் நிலத்தோடு ஒட்டி அளந்த 20 மீட்டர், வரைபடத்தில் 17.3 மீட்டர்தான். 400 சதுர மீட்டர் என்று எழுதிய பிளாட் உண்மையில் 346 சதுர மீட்டர். பெரும்பாலோர் நிலத்தோடு ஒட்டித்தான் அளந்திருக்கிறார்கள். அதைச் சொல்ல ஒருவரும் தயங்கவில்லை, யாரும் அதுவரை கேட்டிருக்கவில்லை.

பெயர்கள்

மரப்பெயர்களில் இரண்டு வகை மாற்றம் கலந்திருக்கும். ஒன்று, தாவரவியலாளர்கள் பெயரை மாற்றியது. பழைய குறிப்பேட்டில் அனோஜெய்ஸஸ் லாட்டிஃபோலியா என்று இருக்கும் வெக்காலி, 2017 முதல் டெர்மினாலியா அனோஜெய்ஸியானா. கருங்காலியை அகேசியாவிலிருந்து செனகலியாவுக்கு மாற்றிவிட்டார்கள். இந்த மலையின் பெயரையே தாங்கிய வெர்னோனியா சேர்வராயென்சிஸ்கூட இப்போது மோனோசிஸ் பேரினத்தில் இருக்கிறது. இவற்றை நூலகத்தில் உட்கார்ந்தே சரிசெய்துகொள்ளலாம், யாரையும் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை.

மற்றொன்று, அன்று தவறாக அடையாளம் கண்டது. இதற்கு உலர்தாவர மாதிரி இருக்கிறதா என்று பெயர் சொன்னவரைக் கேட்க வேண்டும். மாதிரிகளைச் சிலர் திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினட் உலர்தாவரகத்துக்கும், சிலர் கோயம்புத்தூரில் உள்ள இந்தியத் தாவரவியல் மதிப்பாய்வு மையத்துக்கும் ஒப்பிடக் கொண்டுபோயிருப்பார்கள். அங்கே ஒரு படி தங்கியிருக்க வாய்ப்புண்டு. பழைய மாதிரிகளின் சீட்டில் ‘சேலம் மாவட்டம்’ என்று மட்டும் இருந்தால் அவசரப்படாதீர்கள். தருமபுரி 1965இலும் நாமக்கல் 1997இலும்தான் தனி மாவட்டங்களாயின. கொல்லிமலையில் எடுத்த இலையும் அந்தக் காலத்தில் சேலம் மாவட்டத்து இலைதான்.

உதவியாளர்கள் சொன்ன பெயரை அவர்கள் சொன்ன ஒலியிலேயே தமிழில் எழுதி, பக்கத்தில் சொன்னவர் பெயரையும் சேருங்கள். எழுதுபவர் புரிந்துகொண்ட அறிவியல் பெயரை மட்டும் எழுதிய குறிப்பேட்டில் பிழை இருந்தால் திரும்பிப் போக வழியே இல்லை.

தரவில் சேர்ப்பது

பழைய எண்ணின்மேல் புதிய எண்ணை ஒருபோதும் எழுதாதீர்கள். 49ஐ 44 ஆக்க வேண்டும் என்று முடிவானால், பழைய கட்டத்தை அப்படியே விட்டு, பக்கத்துக் கட்டத்தில் திருத்தம், யார் சொன்னார், எந்தத் தேதியில், கையெழுத்தைப் பார்த்துச் சொன்னாரா நினைவிலிருந்து சொன்னாரா என்று எழுதுங்கள். கையெழுத்தைப் பார்த்துச் சொன்னதை நம்பலாம். நினைவிலிருந்து மட்டும் ஒருவர் சொல்லும் எண்ணை நான் சேர்ப்பதில்லை. நினைவு இடத்துக்கு நல்ல சாட்சி, எண்ணுக்கு அல்ல. யாருக்கும் விளக்கம் தெரியாத மரங்கள் சில மிஞ்சும். ‘சுருங்கிய’ மரங்களை நீக்கினால் வரைபடம் அழகாக வரும் என்று யாராவது சொல்வார்கள். அவற்றை வைத்துக்கொண்டே கணக்குப் போடுங்கள்.

அவர்களுக்குச் சேர வேண்டியது

கட்டுரையில் யார் பெயர் வரும் என்பதை மலையேறுவதற்கு முன்பே பேசி எழுதிக்கொள்ளுங்கள். பழைய அளவுகளைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால், அவற்றை எடுத்தவரை இணையாசிரியராக அழைப்பதே நியாயம் என்பது என் கருத்து; வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவருக்கு உண்டு. பயணச் செலவைத் திட்ட நிதியிலேயே ஒதுக்க வேண்டும். நாள்கூலி உதவியாளருக்கு அன்றைய கூலியை அன்றே கொடுங்கள். முன்பு யாரோ கொடுக்காமல் விட்ட கூலியைப் பற்றி உங்களிடம் கேட்டாலும் கேட்பார்கள், அதற்குத் தயாராக இருங்கள். தொலைபேசி எண்களும் முகவரிகளும் உள்ள பதிவேட்டைத் தரவோடு சேர்த்து வெளியிடாதீர்கள். 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒருபுறம் இருக்கட்டும்; கேட்காமல் ஒருவரின் எண்ணைக் கொடுப்பது நம் வழக்கப்படியும் தப்புத்தான்.

இன்று உங்களோடு இருப்பவர்கள் நாளை முன்னாள் உறுப்பினர்கள் ஆவார்கள் என்பதால், ஆய்வகத்தை விட்டுப் போகும் வாரத்தில் ஒவ்வொருவரிடமும் ஒரு பக்கம் எழுதி வாங்கிவிடுங்கள். எந்த உயரத்தில் அளந்தேன், நாடாவின் எந்தப் பக்கத்தைப் படித்தேன், வண்டி எங்கே நின்றது, மூலைக்கல்லிலிருந்து எந்தப் பாறை எத்தனை மீட்டரில் எந்தத் திசையில் இருக்கிறது, எந்த மரங்களின் பெயரில் எனக்கே ஐயம் என்ற அளவுக்குப் போதும். கடைசிக் கேள்விக்குத்தான் எல்லாரும் தயங்குவார்கள். அதற்காகவே அதைக் கேட்க வேண்டும்.

மலையிலிருந்து இறங்கிய ஒரு வாரத்துக்குள், அன்று எழுதியதன் படியை வந்த அனைவருக்கும் அனுப்புங்கள். தட்டச்சு முடியவில்லை என்றால் கையால் எழுதியதைப் படம் எடுத்து அனுப்பினாலும் போதும். உதவியாளர் அண்ணனுக்குத் தமிழில் எழுதிய படியை நேரில் கொண்டுபோய்க் கொடுத்தோம். அவர் மகள் ஒவ்வொரு மரத்தின் பெயராகப் படித்துக் காட்ட, நாங்கள் எழுதியதில் இரண்டு பெயர்களை அவர் அங்கேயே திருத்தினார்.